‘ரைஸ்’ என்பதும் ‘பாடி’ என்பதும்

ஒரு மொழியிலுள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் நேரான சொல் பிறிதொரு மொழியில் ஆயத்தமாக இருக்கின்றது என்று எண்ணுவது மொழி கற்கத் தொடங்குவார் அனைவர்க்கும் இயல்பு. அகராதிகளும் அவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. இடப்பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல். வலப்பக்கத்தில் அதன் பொருளென ஒரு தமிழ்ச் சொல். இவ்விரண்டையும் நெட்டுருச் செய்துவிட்டால் மொழிபெயர்ப்புக் கைவந்துவிட்டது என்று மாணவர் மகிழ்கின்றனர். ஆயின், சொற்கள் ஒரே அச்சில் வார்த்த காசுகள் அல்ல. ஒவ்வொரு சமூகமும் தான் எதனை விளைத்ததோ, எதனை விற்றதோ, எதனை உண்டதோ, அதற்கேற்பவே உலகத்துப் பொருள்களைக் கூறுபடுத்திப் பெயரிட்டது. ஒருவர் கூறுபடுத்திய இடத்தில் மற்றொருவர் கூறுபடுத்தாதிருத்தல் உண்டு. இவ்வுண்மையை விளக்குதற்கு நாம் நாடோறும் கேட்கும் ‘ரைஸ்’, ‘பாடி’ என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம். காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரைச் சூழ்ந்த நாட்டில் வாழ்வார்க்கு இவற்றினும் அண்மையான சொற்கள் கிடைத்தல் அரிது. இவற்றை ஆராய்வதனால் வரும் பயன் சொல்லின்பம் மட்டுமன்று; உழவனது விலையும், உழைப்பாளியின் கூலியும், ஏழையின் உணவும் இவற்றிற் கலந்துள்ளன என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் பொருளைக் காண்போம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவர்க்கு ‘ரைஸ்’ என்பது பயிருக்கும் பெயர். அப்பயிரின் மணிக்கும் பெயர். உமி நீக்கிக் கடையில் விற்கும் தானியத்துக்கும் பெயர். உலையிலிட்டு வடித்துத் தட்டில் வைத்த உணவுக்கும் பெயர். வயலில் அசைவதும் ரைஸ். மூட்டையில் அடைபட்டதும் ரைஸ். வாயிற் புகுவதும் ரைஸ். ‘பாடி’ என்பதோ உமி நீங்காத மணியைக் குறிப்பது. அம்மணி விளையும் நீர்சூழ்ந்த வயலையே அச்சொல்லால் குறிப்பதும் மேனாட்டிற் பெருவழக்காயிற்று. இதே ஒலியுடைய சொல்லுக்குக் கடுஞ்சினம் என்றொரு பொருளும் ஆங்கில அகராதியில் இருக்கக் கண்டு மாணவர் மருள வேண்டா. அது வேறு குடியிற் பிறந்த சொல்.

இவ்விரு சொற்களும் சரிநிகரான இரண்டு அல்ல என்பது ஈண்டு உணரத்தக்கது. இங்கிலாந்தின் வழக்கில் ‘ரைஸ்’ என்பது முழுமை. ‘பாடி’ அம்முழுமையின் ஒரு கூறு. நம் நாட்டு அலுவலகங்களிலும் மண்டிகளிலும் வழங்கும் ஆங்கிலத்திலோ ஒன்று மற்றொன்றை விலக்கி நிற்கும்: பாடியாயின் ரைஸ் அன்று, ரைஸாயின் பாடி அன்று. ஆகவே ‘ரைஸ்’ என்னும் ஒரே சொல் ஓரிடத்தில் அகன்ற பொருளும் மற்றோரிடத்தில் குறுகிய பொருளும் உடையதாகின்றது. எவ்விடத்து எப்பொருள் என்று சொல்லாமையே குழப்பத்தின் வேர்.

தமிழர்க்கு இத்தகைய குழப்பமே இல்லை. நெல், அரிசி, சோறு என்னும் மூன்றும் மூன்றே. ‘அரிசி அறுவடை செய்தோம்’ என்றாலும், ‘நெல் உண்டோம்’ என்றாலும் சிறுபிள்ளையும் நகைக்கும். நம்மவர் சடங்குகளும் இவ்வேறுபாட்டைப் பேணுகின்றன. குழந்தைக்கு முதலில் ஊட்டுவது சோறு; முதலெழுத்தை எழுதுவிக்கப் பரப்புவது நெல்; இறந்தார் வாயில் இடுவது அரிசி. நெல்லுக்கு உயிர் உண்டு; விதைத்தால் முளைக்கும்; பத்தாயத்தில் இட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்கும். தீட்டிய அரிசி முளையாது. நெடுநாள் வைப்பின் வண்டு அரிக்கும். சோறோ மறுநாட் காலையில் பழையதாகிவிடும். நெல்லில் வருங்காலம் இருக்கின்றது. அரிசியில் இன்றைய நாள் இருக்கின்றது. சோற்றில் இவ்வேளைப் பசி இருக்கின்றது. இம்மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்து, நெல்லுக்குப் பொருள் கூறும்போது ‘உமியோடு கூடிய அரிசி’ என்று எழுதும் அகராதியின் உரை, பாலை ‘வெண்ணெயோடு கூடிய நீர்’ என்பது போன்றது. பொய்யன்று, ஆயினும் பின் வருவதைக் கொண்டு முன் நிற்பதை விளக்குவது.

இனி இச்சொற்களின் பிறப்பை நோக்குவோம். ‘ரைஸ்’ என்பது கிரேக்கத்து ‘ஓருஸா’ என்னும் சொல்லிலிருந்து இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றின் வழியாக ஆங்கிலம் புகுந்தது. அக்கிரேக்கச் சொல் நம் ‘அரிசி’யே என்னும் கருத்தைக் கால்டுவெல் ஐயர் கொண்டிருந்தார், அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் முதன்முதல் வெளிவந்த ஆண்டு 1856. பிற்கால மொழிநூலார் பலர் அதனை ஈரானிய மொழிகளின் வழியாக வந்ததாகவும், வடமொழியின் ‘வ்ரீஹி’ என்பதற்கு உறவுடையதாகவும் கருதுகின்றனர். இவ்வழக்கில் வெற்றி பெறத் தமிழர் துடிப்பதனால் பெரும் பயனில்லை. ‘பாடி’ என்பதன் வரலாறு இதனினும் தெளிவானது. அது மலாய் மொழியின் ‘பாடி’. அம்மொழியில் நெல்லுக்குப் பெயர். மேலைக் கரையில் இதனையொத்த ‘பத்தி’ என்றொரு சொல்லை ஐரோப்பிய வணிகர் வழங்கினர் என்பதையும் சேர்த்து, இதற்கு ஒருவாறு இரட்டைப் பிறப்பு உண்டென்று 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் கூறுகின்றது. அந்நூலை இயற்றிய இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள வேறுபாட்டைத் தஞ்சையில் வாழ்ந்த அறிஞர் ஒருவர் அறியாதிருந்திருக்க இயலாதன்றோ?

மலாய் மொழியிலும் நம்மைப் போலவே மூன்று சொற்கள் உண்டு: நெல் ‘பாடி’, அரிசி ‘பெராஸ்’, சோறு ‘நாசி’. மலேயாவில் குடியேறிய தமிழர்க்கு இவற்றைக் கற்பதில் இடர்ப்பாடே இருந்திராது. இந்தியிலும் தான், சாவல், பாத் என மூன்றும் வேறு. ஜப்பானியரும் பயிரை ‘இனே’ என்றும், அரிசியைக் ‘கொமே’ என்றும், சோற்றைக் ‘கொஹான்’ என்றும் வழங்குவர். நெல் விளையும் நாடுகள் பலவற்றில் இதுவே முறை. மலாய் மொழியின் மூன்று சொற்களுள் ஆங்கிலர் தம் பொதுவழக்கிற் கொண்டது ஒன்றனையே. காரணம் வெளிப்படை. நெல் மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் விலை வேறு. ஆதலின் வாணிகனுக்கும் வரி வாங்குவோனுக்கும் அவ்வேறுபாடு வேண்டியிருந்தது. வடித்த சோற்றைக் கப்பலில் ஏற்றுவாரில்லை. ஆதலின் அதற்குத் தனிப்பெயர் அவர்க்கு வேண்டியதில்லை.

இதனைக் கொண்டு ஆங்கிலம் வறிய மொழி என்று யாரேனும் எண்ணுவாராயின் அது பேதைமை. தம் உணவாகிய கோதுமைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை எண்ணிப் பார்க்க: கோதுமைக்கு ஒரு பெயர், மாவுக்கு ஒரு பெயர், பிசைந்த மாவுக்கு ஒரு பெயர், சுட்ட ரொட்டிக்கு ஒரு பெயர், முழு ரொட்டிக்கு மற்றொரு பெயர். ‘லார்ட்’ என்னும் பெருமிதச் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ரொட்டியைக் காப்பவன்’ என்று பொருள்பட்டது. ‘லேடி’ என்பது ‘ரொட்டி பிசைபவள்’. தொழுவத்து ஆட்டுக்கு ஒரு பெயரும், தட்டில் வந்த அதன் இறைச்சிக்கு வேறொரு பெயரும் அவர்க்கு உண்டு. வளர்த்தவர் ஆங்கிலம் பேசினர், உண்டவர் பிரெஞ்சு பேசினர் என்பது அதன் வரலாறு. நமக்கும் குறை உண்டு. பூம்புகாரில் ஆற்றோரத்தில் நிற்பவனும் கடலோரத்தில் நிற்பவனும் நமக்குக் ‘கரை’யில் நிற்பவரே, ஆங்கிலரோ ஆற்றுக்கரையைப் ‘பேங்க்’ என்றும் கடற்கரையை ‘ஷோர்’ என்றும் பிரித்துக் கூறுவர். எங்கு வாழ்வு ஆழமோ அங்குச் சொல்லும் பெருகும். ஆகலான் பிற மொழியை இகழ்தலும் வேண்டா. தன் மொழியின் கூர்மையை அதன்பொருட்டு மழுக்குதலும் வேண்டா.

நம் சொற்களின் பழமைக்குப் புகார் நகரே சான்று. தாலமி என்னும் கிரேக்க அறிஞர் இரண்டாம் நூற்றாண்டில் ‘கபேரிஸ்’ என்று குறித்த வாணிகப் பட்டினம் இதுவே என்பர். இந்நகரைக் கரிகாலன் புகழோடு சேர்த்துப் பாடிய பட்டினப்பாலையில், வெள்ளுப்பை விற்று அதற்கு மாறாகத் தானியம் ஏற்றித் திரும்பிய படகுகள் வருகின்றன. அவை ஏற்றி வந்தது நெல் என்றே புலவர் உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். அரிசி என்று கூறவில்லை. அதே பாட்டில், அறச்சாலைகளில் வடித்த கஞ்சி தெருவில் ஓடும் இடத்தில் அவர் எடுத்தாளுவது சோறு என்னும் சொல். படகில் நெல், அடுக்களையில் சோறு, தெருவில் கஞ்சி: எதனையும் எதனோடும் அவர் மயக்கவில்லை. 1960-களில் கீழையூரில் அகழ்ந்தபோது, படகு கட்டும் மரத்தூண்களோடு செங்கல்லாற் கட்டிய துறையொன்று வெளிப்பட்டது. அத்தகைய துறைகளில் நெல் இறங்கிய நாள்முதல் இன்றுவரை அச்சொல் தன் பொருளினின்று வழுவவில்லை.

ஒரே பொருளை இரு மொழிகள் எவ்விடத்து நின்று நோக்குகின்றன என்பதை அறியச் சிறப்புப் பெயர்களைக் காண்க. தஞ்சை நாட்டை ஆங்கிலத்தில் ‘ரைஸ் பௌல்’ என்பர். அஃதாவது சோற்றுக் கிண்ணம். தமிழில் நெற்களஞ்சியம் என்போம். முன்னது உண்பவன் கண்ணாற் கண்டது. பின்னது விளைப்பவன் கண்ணாற் கண்டது. கிண்ணம் ஒருவேளைக்கு உரியது; களஞ்சியம் ஓராண்டுக்கு உரியது. இராசேந்திர சோழன் படையெடுத்த கடாரமாகிய கெடாவை ஆங்கிலத்தில் மலேசியாவின் ரைஸ் பௌல் என்கின்றனர். மலாய்க்காரரோ ‘ஜெலாப்பாங் பாடி’ என்பர். அதன் பொருளும் நெற்களஞ்சியமே! இங்ஙனமே, ஆடுதுறையில் 1922-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையத்தின் இன்றைய ஆங்கிலப் பெயரில் ‘ரைஸ்’ இருக்கின்றது. தமிழ்ப் பெயரில் ‘நெல்’ இருக்கின்றது. கோயம்புத்தூரில் 1912-இல் நிறுவிய நிலையம் ஆங்கிலத்திலேயே ‘பாடி’ என்னும் பெயர் தாங்கியிருந்தது. இன்று அது ‘ரைஸ்’ துறையாகிவிட்டது. தமிழில் மட்டும் அது அன்றும் நெல், இன்றும் நெல். அங்கு ஆராய்வது வயலில் நிற்கும் பயிரையே ஆதலின் தமிழ்ப் பெயரே பொருந்துவது.

இவ்வேறுபாட்டை மறப்பதனால் விளையும் கேட்டை இனிக் கூறுவேன். நூறு கிலோ நெல்லை அரைத்தால் பச்சரிசியாயின் 67 கிலோவும், புழுங்கல் அரிசியாயின் 68 கிலோவும் ஆலைக்காரர் திருப்பித் தர வேண்டும் என்பது அரசு வகுத்த அளவு. எஞ்சிய மூன்றிலொரு பங்கு உமியும் தவிடும் நொய்யும் பிறவுமாகக் கழிகின்றது. இந்திய அரசு விளைச்சற் கணக்கை அரிசியாக வெளியிடுகின்றது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் நெல்லாகக் கணக்கிடுகின்றது. பொருளியல் மாணவர் ஒருவர் இரண்டு பட்டியல்களிலும் ‘ரைஸ்’ என்று கண்டு அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டால், மூன்றிலொரு பங்கு விளைச்சல் மாயமாய் மறைந்ததென முடிவு கட்டுவார். நெல்லென்றும் அரிசியென்றும் தமிழில் ஒருமுறை எழுதிப் பார்த்திருப்பின் அப்பிழை நேராது.

விலையிலும் அதுவே. 2024–25-ஆம் பருவத்துக்குப் பொது இரக நெல்லுக்கு மத்திய அரசு வகுத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். இதனை அரிசி விலையென்று கொண்டு, கடையிலுள்ள அரிசியின் விலையோடு நேராக ஒப்பிட்டு, இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் வாணிகன் கொள்ளை என்பாரும் உளர்; உழவனுக்குக் கிடைப்பதே மிகுதி என்பாரும் உளர். இருவரும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றனர். உழவன் நெல்லை விற்கின்றான். நகரத்தான் அரிசியை வாங்குகின்றான். அறுவடைக் காலத்து மழையில் கொள்முதல் நிலையத்தின் வாயிலில் நனைந்து முளைவிடுவது நெல். ஈரம் 17 விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது என்னும் விதியால் மறுக்கப்படுவதும் நெல். ‘ரைஸ்’ என்னும் சொல்லை மட்டும் கேட்டு வளரும் நகரத்து மாணவனுக்கு இத்துயர் செவியில் ஏறாது. ஏனெனில் அவன் அறிந்த ரைஸ் என்றும் முளைத்ததில்லை.

கூலியிலோ இவ்வேறுபாடு உயிரையே தொடுவது. தஞ்சைத் தரணியில் உழைப்பவர்க்குக் கூலியை நெல்லாக அளப்பது நெடுங்கால வழக்கு. இரண்டு படி நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய ஒரு படி அரிசியே தேறும். ஆகவே ‘இத்தனை படி கூலி’ என்று வாளா எழுதிவிட்டு, அது நெல்லென்று கூறாது விடுவோமாயின், உழைப்பாளி பெற்றதை இரட்டிப்பாக்கிக் காட்டியவராவோம். கூலி நெல்லை உயர்த்துமாறு கேட்டதையொட்டி எழுந்த பூசலின் முடிவிலேயே 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். அவர்களுட் பலர் பெண்டிரும் குழந்தைகளும். அவ்வரலாற்றைப் பிற மொழியில் எழுதுவார் எவரும் அளவைக்கு அருகில் எந்தச் சொல்லை இடுகின்றோம் என்பதை இருமுறை எண்ணுதல் கடமை.

மூன்றாம் சொல்லாகிய சோறு இன்னும் ஆழமானது. 1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது ஆட்சியாளர் கையில் அரிசிக் கணக்கு இருந்தது. நாட்டில் உள்ள தானியத்தின் அளவைக் காட்டிலும், அதனைப் பெறும் உரிமையும் ஆற்றலும் மக்களுக்கு இல்லாமற் போனதே பெருங்காரணம் என்று அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் வாதித்தார். நம் சொற்களால் இதனைச் சுருங்கக் கூறலாம்: அரிசி இருந்தும் சோறு இல்லை. மணிமேகலைக் காப்பியத்தின் அமுதசுரபி புகார் நகரத்தில் பசித்தவர்க்கு வழங்கியது ஆக்கிய உணவே. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் அதனாலேயே. 1956-இல் காமராசர் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் வந்த சத்துணவும் பிள்ளைகள் முன் வைத்தது மூட்டையிலுள்ள அரிசியை அன்று; இலையிலும் தட்டிலும் இட்ட சோற்றை. நெல் அரிசியாவதற்கு ஆலை வேண்டும். அரிசி சோறாவதற்கு விறகும் நீரும் ஒரு கையும் நெஞ்சும் வேண்டும். இப்படிகளை எண்ணாத கணக்கு, கிடங்கு நிறைந்ததும் பசி தீர்ந்ததென்று எழுதிவிடும்.

‘வெந்த ரைஸ்’, ‘உமியுள்ள ரைஸ்’ என்று அடைமொழி சேர்த்தால் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாட்டைக் கூறலாமே என்று சிலர் வினவக்கூடும். கூறலாம், மறுப்பில்லை. ஆயின் அடைமொழி விருந்தாளி, பெயர்ச்சொல் வீட்டுக்காரன். அவசரம் வந்தவுடன் முதலில் வெளியேறுவது அடைமொழியே. செய்தித்தாளின் தலைப்பிலும், அட்டவணையின் உச்சியிலும், தேர்வு விடையின் கடைசி வரியிலும் அடைமொழி நிற்பதில்லை. நிற்பது வெறும் ‘ரைஸ்’. அடைமொழி நின்றாலும் தெளிவு வருமென்பது உறுதியன்று. ‘ரா ரைஸ்’ என்றால் இங்கிலாந்தில் வேகாத அரிசி. நம் நாட்டு ஆங்கிலத்தில் பச்சரிசி. புழுங்கல் அரிசி வேகாமல் இருப்பினும் நம்மவர் அதனை ‘ரா ரைஸ்’ என்னார்.

இதனினும் வருந்தத்தக்கது, இம்மயக்கம் தமிழுக்குள்ளேயே புகுந்துவருவது. நாளேடுகளில் ‘அரிசி விளைச்சல்’ என்கின்றனர். அரிசி எந்நாளும் விளைந்ததில்லை. உணவு விடுதிகளிலும் நாகரிகக் குடும்பங்களிலும் சோறு என்று சொல்ல நாணி, ‘கொஞ்சம் ரைஸ் போடுங்கள்’ என்கின்றனர். சோழநாட்டைச் சோற்றால் சிறப்பித்த பழமொழியை உடைய மக்கள், அச்சொல்லை உழைப்பாளியின் இல்லத்துக்கு மட்டும் உரியதெனத் தள்ளிவைப்பது நன்றோ? சொல்லை இழிவென ஒதுக்குவார், நாளடைவில் அச்சொல்லுக்குரியாரையும் ஒதுக்குவர்.

ஆதலின் மாணவ நண்பர்காள், ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பீராக. அதன் சொற்கள் எவ்விடத்தில் அகலும், எவ்விடத்தில் குறுகும் என்பதையும் சேர்த்துக் கற்பீராக. ‘ரைஸ்’ என்னும் சொல் கண்ணிற் பட்டவுடன் அரிசி என்று எழுதிவிடாது, அது வயலில் இருக்கின்றதா, மூட்டையில் இருக்கின்றதா, இலையில் இருக்கின்றதா என்று ஒரு கணம் வினவுக. வயலாயின் நெல் என்க. மூட்டையாயின் இன்னது என்று கேட்டறிந்து எழுதுக. இலையாயின் நாணாது சோறு என்க. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செல்லுங்கால் ‘பாடி’ என்னும் சொல்லைக் கைவிடாது, அளவுக்கும் விலைக்கும் கூலிக்கும் அருகில் அதனைத் தெளிவுற நிறுத்துக. இங்ஙனம் செய்வது இலக்கணத்தார்க்கு உரிய நுணுக்கம் மட்டுமன்று. விளைத்தவன் பெற்றது எவ்வளவு, குத்தியவள் பெற்றது எவ்வளவு, உண்டவன் பெற்றது எவ்வளவு என்று மூவர்க்கும் தனித்தனியே கணக்குக் கூறும் நேர்மையாகும்.